கண்ணாடித் தம்ளருக்குக் கீழே ஓர் அணா

1

இந்தக் கதை உண்டானதற்கு நான்தான் காரணம். எழுதுகிறவன் என்ற முறையில் சொல்லவில்லை. எழுதும்படியாக ஒன்று நடந்ததே என்னால்தான். அரையணா வேர்க்கடலைக்கு ஆசைப்பட்டு ஒரு கடைக் கரும்பலகையில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் இந்நேரம் வேறு ஏதாவது நல்ல கதை படித்துக்கொண்டிருப்பீர்கள்.

1920-ஆம் வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் பட்டணத்தையே படுக்கையில் போட்டுவிட்டுப் போன விஷ ஜுரம், குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவன் போலத் திரும்பி வந்திருந்தது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் கய்யூம் பாயிடம் ஒரு சுகாதாரச் சேவகன் வந்து, ஜுரம் காசு வழியாகத்தான் கைக்குக் கை தாவுகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். கிணற்றில் போடுகிற பர்மாங்கனேட்டில் ஒரு பொட்டலமும் கொடுத்தான். பாய் அதைப் பீங்கான் கிண்ணத்தில் செக்கச்செவேலென்று கரைத்து, கடைப் பலகை மேல் வைத்தார். பிறகு தெருவில் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, நீ காலேஜுல படிக்கிற புள்ள. சனங்களுக்குப் புரியற மாதிரி போர்டுல எழுது."

நான் காலேஜில் படிப்பது தர்க்க சாஸ்திரம், வைத்தியமல்ல. பாய்க்கு அந்த வித்தியாசம் கிடையாது. கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கொடுத்தார். எழுதினேன்.

காசைச் சிவப்புத் தண்ணீரில் போடவும்.

நோட்டுக்குச் சாம்பிராணி காட்டப்படும்.

ஜுரம் உள்ள பேட்டையிலிருந்து வரும் காசு வாங்கப்பட மாட்டாது.

மூன்றாவது வரி நகைச்சுவை. அந்த மாதம் பட்டணத்தில் ஜுரம் இல்லாத பேட்டையே கிடையாது. ஆகவே தர்க்கப்படி, யார் காசும் வாங்கப்பட மாட்டாது. ஆகவே கடையை மூட வேண்டும். இதைப் படித்துக் காட்டிவிட்டு, பாய் சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"கரெக்டு நைனா" என்றார். வேர்க்கடலை அளந்தார்.

2

இந்த இடத்திலிருந்து கதையை எப்படித் தொடங்குவது என்று நாலைந்து தரம் எழுதிப் பார்த்தேன்.

'கீழ்வானில் கதிரவன் தன் பொற்கிரணங்களை——' (அடித்துவிட்டேன். கதிரவன் எல்லாக் கதையிலும் வந்து உழைத்துக் களைத்திருக்கிறான்.)

'மானிட வாழ்வில் பணம் என்பது——' (இது கட்டுரை. எங்கள் காலேஜ் சஞ்சிகையில் இதற்கென்று ஒரு புரொபஸர் இருக்கிறார்.)

'அந்தோணியம்மாள் கூடையை இறக்கினாள்.'

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

அந்தோணியம்மாள் சாந்தோம் குப்பத்தில் இருப்பவள். விடிந்ததும் கரையில் மீன் எடுத்துக்கொண்டு மயிலாப்பூர்த் தெருக்களுக்கு வருவாள். தெருவில் முதல் குரல் கொடுப்பதற்கு முன் பாய் கடையில் கூடையை இறக்குவாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பூ போல விளிம்பு நெளிந்த ஓர் அணாவை எடுத்து நீட்டுவாள். பாய் கையை விரித்து வாங்குவார். 'பிஸ்மில்லா' என்று இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போடுவார். அதற்கு அவள் வெற்றிலை பாக்கு புகையிலை வாங்கிப் போவாள். அதுதான் கடைக்கு அன்றைய போணி.

பதினைந்து வருஷமாக இப்படி. ஒரு நாள் எதேச்சையாக அவள் போணி பண்ணியபோது மத்தியானத்துக்குள் கடையில் சர்க்கரை மூட்டை காலியாகிவிட்டதாம். அன்றிலிருந்து அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். பாய் அவள் வருகிற வரையில் வேறு யாரிடமும் முதல் காசு வாங்க மாட்டார். அவசரமாக வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களும் சும்மா நிற்கவில்லை. பாயே காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கை என்று பார்த்துத்தான் தெருவில் அவள் கூடையைக் கூப்பிட்டார்கள். அவளுடைய கைராசியை நம்பிப் பாய் வியாபாரம் செய்தார். பாயின் நம்பிக்கையை நம்பி அவள் வியாபாரம் செய்தாள். (*)

(* எங்கள் புரொபஸர் இதற்குச் சுற்றுவாதப் பிழை என்று பெயர் சொல்லுவார். அவர் வீட்டிலும் சங்கரா மீன் அவளிடம்தான்.)

3

அந்தோணியம்மாள் கூடையை இறக்கினாள். நான் கரும்பலகையில் எழுதிய மறுநாள் காலை. நான் என் படைப்பைப் பார்வையிட வந்திருந்தேன். பக்கத்தில் கிரசின் வாங்கும் தகரத்தோடு பஞ்சாபகேசய்யர் போணிக்காகக் காத்திருந்தார்.

"இன்னா பாய், காத்தாலயே மூஞ்சில களையே இல்ல?" என்றாள். "இன்னிக்கு வெத்தல வேணாம். ஒரு அணாக்கு ஜவ்வரிசி போடு. ஆரோக்கியமேரிக்கு ரெண்டு நாளா ஒடம்பு நெருப்பாக் கீது. கஞ்சி தவுர ஒண்ணும் எறங்கல."

(ஆரோக்கியமேரி அவளுடைய ஒன்பது வயது மகள். ஜுரத்தில் கிடக்கும் பெண்ணுக்கு இந்தப் பெயர் வைத்தால், ஆசிரியர் வேண்டுமென்றே செய்தார் என்பீர்கள். வைத்தது நானல்ல, சாந்தோம் மாதா கோயில் சாமியார்.)

அணாவைப் பலகை மேல் வைத்தாள். பாயின் கை வழக்கம்போல் நீண்டது. பாதி வழியில் நின்றது.

"ஏம்மா, போர்டைப் பார்த்தியோ?" என்றார் பஞ்சாபகேசய்யர்.

"நானு போர்ட எங்க சாமி பாக்கறது? மீனு மொகத்தப் பாத்துகினு கீறேன்."

ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். மூன்று வரியையும், முற்றுப்புள்ளி கேட்கும்படி வாசித்தார். என் எழுத்தை முதன்முதலாக ஒருவர் பொது இடத்தில் உரக்க வாசித்தது அன்றைக்குத்தான். ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"எங்காத்துல அம்பது வருஷமா காசை அலம்பிண்டுதான் இருக்கோம்" என்றார். "ஊருக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. உங்க குப்பத்துல ஜுரம் இருக்கோன்னோ?"

"கீது சாமி. இல்லன்னு நான் சொல்லலியே. உங்க ஊட்டு மருமவப் பொண்ணு நாலு நாளா படுத்துகினு கீதாமே, அது இன்னா?"

"அது ஜலதோஷம்."

"உங்க தெருவுல வந்தா ஜலதோசம், எங்க குப்பத்துல வந்தா ஜொரமா? நல்லா கீது சாமி நாயம்!"

என் மூன்றாவது வரியின் நகைச்சுவை அதுதான். கச்சேரி ரோட்டில் அது புரிந்த ஒரே ஆள், எழுதப் படிக்கத் தெரியாத அந்தோணியம்மாள். அவள் சிரிக்கவில்லை.

பாய் கிண்ணத்தைப் பார்த்தார். "தண்ணில போட்டு எடுக்கட்டுமா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். போணிக் காசை நனைப்பதாவது. அவருக்கே மனசு ஒப்பவில்லை. ஜவ்வரிசியைப் பொட்டலம் கட்டி, காசைத் தொடாமல் பொட்டலத்தை மட்டும் தள்ளினார்.

"காசு கெடக்கட்டும்மா. கொயந்தைக்குத்தானே. எடுத்துகினு போ."

இதைவிட மோசமாக அவர் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

"ஓசிக்கா வந்தேன்?" என்றாள் அந்தோணியம்மாள். குரல் தெருமுனை வரை போயிற்று. "பாஞ்சு வருசமா இந்தக் கையால போணி பண்ணிக்கினு கீறேன். இன்னிக்கு பிச்சக்காரி ஆயிட்டனா? காசு இங்கியே கெடக்கட்டும். என்னிக்குக் கையால வாங்கறியோ அன்னிக்கு சாமானக் குடு."

பொட்டலத்தையும் விட்டாள், அணாவையும் விட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் போனாள்.

அன்று ஒரு வீடும் அவளைக் கூப்பிடவில்லை. முதலில் கதவைச் சாத்தியது என் அம்மா. "பாயே வாங்கலியாமே" என்றாள். மத்தியானத்துக்குள் ரோட்டில் இருந்த மற்ற மளிகைக் கடைக்காரர்களும் மூன்றாவது வரியை மட்டும் தங்கள் பலகையில் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நான் எழுதியவற்றிலேயே மிக அதிகம் பரவியது அந்த ஒரு வரிதான். ஜவ்வரிசிக்கு அவள் வேறு கடை தேடவும் வழியில்லை.

4

இந்தப் பகுதியில் பாயை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

பாய்க்கு வலியுல்லா என்று ஒரு தம்பி. காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற காசையெல்லாம் வாங்கிப் போடுவது அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜுரத்தில், புதன்கிழமை பெட்டிக்கருகே உட்கார்ந்திருந்தவனை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். அவன் உட்கார்ந்த பஞ்சு மெத்தை இன்னும் அங்கேயே இருக்கிறது. பாய் அதன் மேல் உட்காருவதில்லை. காசு வழியாக ஜுரம் தாவும் என்று சேவகன் சொன்னபோது பாய் அதை வெறும் செய்தியாக நம்பவில்லை. தம்பி எப்படிப் போனான் என்று இரண்டு வருஷமாகத் தேடிய பதிலாகக் கேட்டுக்கொண்டார். வீட்டில் அவருக்கு மூன்று குழந்தைகள்.

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு ஒருவன் வில்லனுக்கு எங்கே போவது? கதைக்கு வில்லன் கட்டாயம் வேண்டுமென்றால் சுண்ணாம்புக் கட்டி என் சட்டைப் பையில் இருக்கிறது.

5

மூன்று நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

போணிக் காசு பெட்டிக்குள் போகாமல் அடுத்த காசு போகக்கூடாது. இது பாயின் சட்டம். அணாவோ பலகை மேல் கிடக்கிறது. தொடவும் பயம், தள்ளவும் மனசில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து அதை மூடி வைத்தார். பக்கத்தில் அந்த ஜவ்வரிசிப் பொட்டலம்.

ஜனங்கள் சாமான் வாங்கினார்கள். காசைச் சிவப்புத் தண்ணீரில் போட்டார்கள். பாய் அதை எடுத்துப் பெட்டியில் போட முடியாது. ஆகவே கிண்ணத்திலேயே கிடந்தது. சில்லறை வேண்டியவர்கள் கிண்ணத்துக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் சாயங்காலம் கிண்ணம் நிரம்பியது. இரண்டாம் நாள் ஓர் அண்டா வந்தது. பர்மாங்கனேட்டுத் தண்ணீர் விரலில் பட்டால் பழுப்புக் கறை ஏறும்; ஒரு வாரத்துக்குப் போகாது. கச்சேரி ரோட்டில் யார் பாய் கடையில் வாங்கினார்கள் என்பதை விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். காசை அலம்பியே பழக்கப்பட்ட பஞ்சாபகேசய்யரின் விரல்கள் எல்லாரையும்விடக் கறுத்திருந்தன. நோட்டுகள் சாம்பிராணி மணத்தோடு கயிற்றில் தொங்கின. (**)

(** ஒரு ரூபாய் நோட்டு ஒன்று சாம்பிராணிச் சட்டியில் விழுந்து எரிந்தது. அதன் சொந்தக்காரர் சாம்பலைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனார். இது கதைக்கு அவசியமில்லை. விட மனசு வரவில்லை.)

அந்தோணியம்மாள் மறுநாளும் வந்தாள். கடையைத் தாண்டும்போது தம்ளரைப் பார்த்தாள். அணா உள்ளேயே இருந்தது. நிற்காமல் தெருவுக்குள் போய், கனம் குறையாத கூடையோடு திரும்பிப் போனாள்.

மூன்றாம் நாள் வரவில்லை.

பாய் வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்தார். உள்ளே போனார். மறுபடி வந்து பார்த்தார். "கொயந்தைக்கு இன்னா ஆச்சோ தெர்ல" என்றார். பிறகு அந்தப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"நீ போ நைனா. நீதானே எழுதின."

6

(இங்கே ஒரு குறிப்பு. குப்பத்துக்குப் போகும் வழியை வருணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அலைகள், கட்டுமரங்கள், காயும் வலைகள் எல்லாம் இருந்தன. நான் அன்று எதையும் பார்க்கவில்லை. என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். பார்க்காததை எழுதுவானேன்.)

குடிசைக்குள் கோரைப் பாயில் ஆரோக்கியமேரி படுத்திருந்தாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது. பக்கத்தில் அந்தோணியம்மாள் ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா காலேஜு, எங்க பேட்டைக்கெல்லாம் வர்ற? ஜொரம் கீது, தெரியுமில்ல?"

பொட்டலத்தை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"காச வாங்குனாரா?"

இத்தனை நாள் ஊரையெல்லாம் கேலி செய்து எழுதியவனை ஒருவரும் இப்படி நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் பொட்டலம் என் கையிலேயே இருக்கும். எனக்கு அவளைத் தெரியும். படுத்துக் கிடந்த பெண் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிட்டாரு" என்றேன்.

"எப்டி?"

"கையால. தண்ணில கிண்ணில போடல."

"கண்ணுல ஒத்திக்கினாரா?"

"ஒத்திக்கிட்டாரு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ரெண்டு கண்ணுலயும்."

என் முகத்தையே பார்த்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவள் பார்க்கிற பார்வை. பிறகு பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"அதுக்கு மூணு நாளா அந்த ஆளுக்கு?" என்று அடுப்பை ஊதப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள், புகையாக இருக்கலாம்.

"அண்ணே, வெரல்ல இன்னா காவி?" என்றாள் ஆரோக்கியமேரி.

"பாய் கடையில காச எடுத்த கை."

"திருடினியா?"

"இல்ல, சில்லற."

"திருடினா மாதிரிதான் கீது" என்று சொல்லிச் சிரித்தாள். இருமல் வந்தது. அம்மா கொடுத்த கஞ்சியில் நாலு வாய் உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். இதில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை.

கிளம்பும்போது அந்தோணியம்மாள் சொன்னாள்: "பாயாண்ட சொல்லு. நாளிக்குக் காத்தால கூடையோட வர்றேன். வித்தாத்தான் இவளுக்கு டாக்டரு."

7

கதையை முடிக்க மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, சஞ்சிகைக்கு ஏற்றது. பாய் மனம் மாறுகிறார். ரோடே மாறுகிறது. பஞ்சாபகேசய்யர் வஞ்சிரம் வாங்குகிறார். (வேண்டாம்.)

இரண்டாவது, நான் கடைமுன் நின்று ஒரு பிரசங்கம் செய்கிறேன். எல்லாரும் தலைகுனிகிறார்கள். (அப்படி நடக்கிற ரோடாக இருந்தால் மூன்றாவது வரிக்கே சிரித்திருப்பார்கள்.)

மூன்றாவது, நானே தம்ளரைத் தூக்கி அணாவைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். இதைச் செய்யத்தான் போனேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சொல்லிட்டு வந்த?" என்றார்.

சொன்னேன்.

"பொய் சொல்லிக்கினு வந்தியா?"

"கதை சொன்னேன் பாய்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் நைனா." அவர் கண் தம்பியின் மெத்தை மேல் போய் அங்கேயே நின்றது. அண்டாவில் காசுகள் பழுப்பாகக் கிடந்தன. என் கையை விட்டுவிட்டுக் கேட்டார்: "ரெண்டு கண்ணுலயும்னா சொன்ன?"

"ஆமாம்."

"எந்தக் கண்ணு மொதல்ல?"

"அது சொல்லல."

"அத்தச் சொல்லாம வந்துட்டியே" என்றார், ஒரு குறையைக் கண்டுபிடித்தவர் போல. "நான் எப்பவும் வலது கண்ணுலதான் மொதல்ல ஒத்துவேன். அந்தம்மாக்குத் தெரியும். நாளிக்குக் கேக்கும்."

வாங்குவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வரியைக் கையால் அழித்தேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதுதான் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதே.

இப்போது காலை. பஞ்சாபகேசய்யர் தகரத்தோடு நிற்கிறார். "போணி ஆகட்டும், நான் இருக்கேன்" என்கிறார். இன்றைக்கு அவசரம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் என் அம்மாவின் புடவை தெரிகிறது. கிழக்கே சாந்தோம் பக்கத்திலிருந்து தலையில் கூடையோடு ஓர் உருவம் வருகிறது. இன்னும் நாலு கடை தாண்ட வேண்டும்.

பாய் தம்ளரின் மேல் கை வைத்திருக்கிறார். தம்ளருக்குள் அணா இருக்கிறது. இந்த மூன்று நாளில் கடைக்கு வந்ததில் சிவப்புத் தண்ணீர் படாத ஒரே காசு அதுவாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு கடை. பாய் உதட்டை அசைக்கிறார். தம்ளர் மேலே போகிறது. இன்னும் ஒரு——

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு இங்கே இரண்டு வரிதான் தெரிகிறது, மூன்றாவது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல். நான் ஏற்கெனவே ஒரு தரம் பார்க்காமலே சொல்லிவிட்டேன். இரண்டாம் தரம் சொன்னால் எடுபடாது.

நீங்கள் கடையைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அந்தோணியம்மாள் கூடையை இறக்கியதும் உங்களைத்தான் கேட்பாள், வாங்கினாரா என்று. எந்தக் கண்ணில் முதலில் என்றும் கேட்பாள். யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள்.